எண்ணெய் வயலில் கழித்த மெம்பிரேன்கள்

லீவில் ஊருக்குப் போனால் அக்கா முதலில் செய்வது என் உடுப்புப் பையைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான். சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, அலசி, முகர்ந்து பார்த்து, திரும்பவும் ஊறவைப்பாள். "இன்னும் மணக்குதடா தம்பி, எண்ணெய்க் கப்பலுக்கை கிடந்து வந்தனியோ?" என்பாள். எனக்கு அந்த மணம் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரிந்தது. பிறகு மூக்கு அதை விட்டுவிட்டது.

நான் வேலை செய்வது வளைகுடாப் பாலைவனத்தில் ஓர் எண்ணெய் வயலில். எண்ணெய்க் கிணறு என்றால் எண்ணெய் மட்டும்தான் வரும் என்று அங்கே போகும்வரை நினைத்திருந்தேன். வருவதில் பெரும்பங்கு தண்ணீர். மனிதர் பிறப்பதற்கு முன்பிருந்தே நிலத்துக்கடியில் கிடந்த தண்ணீர், கடலைவிட உப்பு, எண்ணெயோடு கலந்து கறுத்துச் சூடாக வரும். எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதுதான் எங்கள் பகுதியின் கவலை. வடித்து, மிதக்கவிட்டு, மணலுக்குள்ளால் விட்டு, கடைசியில் மெம்பிரேனுக்குள் செலுத்துவோம்.

மெம்பிரேன் ஒரு மெல்லிய தாள்தான். அதைப் பாய் சுருட்டுவதுபோல் அடுக்கடுக்காகச் சுருட்டி, ஓர் ஆள் நெஞ்சோடு அணைத்துத் தூக்கக்கூடிய உருளையாகச் செய்திருப்பார்கள். உருளையைக் குழாய்க்குள் தள்ளிப் பம்பால் நெருக்கினால் தண்ணீர் தாளைக் கடந்து போகும், உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும். உப்பு நிற்கும் என்பது உண்மை. ஆனால் எண்ணெயின் இனசனம் எல்லாம் நிற்பதில்லை. பெற்றோல் மணக்கிறதே, அந்த மணத்தைத் தருகிற மெல்லிய பொருட்கள் சில தண்ணீரோடு தண்ணீராகத் தாளைக் கடந்துவிடும். அதனால் அங்கே வருகிற தெளிந்த தண்ணீரை நாங்கள் இயந்திரங்களுக்குத்தான் கொடுப்போம். அந்தக் குழாய்க்கு மேலே குடிக்காதே என்று பல மொழிகளில் எழுதியிருக்கும். அவற்றில் தமிழ் இல்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அக்கா படிக்கவேண்டிய வயதில் நாங்கள் போரில் இடம்பெயர்ந்து திரிந்தோம். யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தண்ணீர் சுத்திகரிப்பைத் தொழிலாகப் படிப்பதற்கு நான் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அனலைதீவில் பிறந்தவனுக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதைப் பற்றி யோசிக்கத் தோன்றும்? எங்கள் பக்கத்தில் தண்ணீரை நாக்கால்தான் அளப்பார்கள். வேறு வீட்டுக்குப் போனால் செம்பில் வாய் வைத்தவுடன், "நல்ல தண்ணி", உப்பென்றால் "சவர்", கசந்தால் "கச்சல்" என்று ஏதாவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். உப்பில்லாவிட்டால் அது நல்ல தண்ணீர். அதற்கு மேல் ஒரு கேள்வி எங்கள் ஊரில் இருந்ததில்லை.

ஊரிலும் ஒரு மெம்பிரேன் கொட்டில் இருந்தது. சவர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத்தக்கதாக்கிப் பிளாஸ்டிக் கான்களில் கொடுப்பதற்கென்று வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிக் கொடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டது அத்தான், என் அக்காவின் புருஷன். விடியப் படகில் மீனுக்குப் போய்வந்து, பிறகு கொட்டிலைத் திறப்பார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் என்றாலும் வால்வுகளைத் தொட்டுத் தொட்டுப் பழகி வைத்திருந்தார். ஊரில் அவருக்குத் 'தண்ணிக்காரன்' என்று பெயர். அதை அவர் ஒரு பட்டம்போல் எடுத்துக்கொண்டார்.

பிறகு மெம்பிரேன்கள் உப்புப் படிந்து அடைத்துப்போயின. புதியவை வரும், வரும் என்று கடலுக்கு அப்பால் உள்ள கந்தோரிலிருந்து அலுவலர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொட்டில் பூட்டிக் கிடந்தது. சனம் படகில் வருகிற தண்ணீருக்கு வாளியோடு நின்றது. படகு வராத நாளில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது.

அந்தக் காலத்தில்தான் அக்காவின் மகளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரியவந்தது. யாழ்ப்பாணத்தில் காட்டியபோது, இனிமேல் சவர்த் தண்ணீர் ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்கா முடிவெடுத்துவிட்டாள். சித்திரைக்குள் கொட்டில் ஓடவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஓர் அறை பார்த்துப் போவது. போனால் அத்தானும் போகவேண்டும். அவருடைய படகு, வலை, கொட்டில், பெயர் எல்லாம் இந்தக் கரையில். "அங்க போனால் நான் ஆரடாப்பா?" என்று தொலைபேசியில் ஒருமுறை என்னைக் கேட்டார். "ஆரின்ரையோ கடையில மூட்டை தூக்கிற ஒராள். அவ்வளவுதான்."

அந்தச் சித்திரை லீவுக்கு நான் போனபோது அத்தான் இறங்குதுறையில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். முகத்தில் சிரிப்பு.

"வாரும், வாரும். உமக்கு ஒரு சாமான் காட்டவேணும்."

"வீட்டை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"தேத்தண்ணி எங்கயும் ஓடாது. ஏறும்."

நேரே கொட்டிலுக்குத்தான் போனோம். மூலையில் கறுப்புப் பொலித்தீன் சுற்றி நான்கு உருளைகள் கிடந்தன. "இனிக் கந்தோர்க்காரரைக் கெஞ்சத் தேவையில்லை" என்றார். "உம்மட வேலைக் காம்பில இருக்கிறானே எங்கட ஊர்ப் பெடியன், போர்க்லிப்ட் ஓடுறவன், அவன் அனுப்பினவன். சோப்பு, பால்மா, போர்வையோட கப்பல்ல வந்தது. அளவு பாத்தனான். சொல்லி வைச்ச மாதிரிச் சரி."

ஒன்றின் பொலித்தீனை விலக்கிப் புரட்டினேன். முனையில் வெள்ளை மையால் ஒரு பெரிய குறுக்குக் கோடு. அதன் கீழ் என் கையொப்பம்.

எங்கள் வீட்டில் கையொப்பத்துக்கு ஒரு வளைவும் சுழியும் வைத்துப் பழகிய முதல் ஆள் நான். எங்கே கண்டாலும் தெரியும். சில மாதங்களுக்கு முன்பு வயலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி பிசகி, எண்ணெய் அப்படியே மெம்பிரேன்களுக்குள் போய்விட்டது. மருந்து விட்டுக் கழுவினோம். சரிவரவில்லை. கழற்றிக் கோடு போட்டுக் கழிவு போடும் யாட்டுக்கு அனுப்பினேன். அங்கே எங்கள் ஊர்க்காரனின் கண்ணில் பட்டிருக்கிறது. எறியப்பட்ட பொருள் ஒன்று ஊருக்கு உதவும் என்றால் தீவுக்காரன் அதை எறியவிடுவானா? அவனில் எனக்குக் கோபம் வரவில்லை.

"அத்தான், இது கழிச்சது."

"ஓம், பழசு எண்டுதான் சொன்னவன். எங்கட படகு எஞ்சின் எல்லாம் புதுசே?"

"பழசு எண்டதில்லைப் பிரச்சினை. இதுக்குள்ளால எண்ணெய் போனது."

"உப்பை மறிக்குமோ, மறிக்காதோ? அதைச் சொல்லும்."

"மறிக்கும்."

"பிறகென்ன?"

தாளுக்குள் ஊறிய எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கும் என்று சொன்னேன். அதில் சில பொருட்கள் இரத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கூடாதவை என்றேன். எவ்வளவு இறங்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது குடித்தால் என்ன செய்யும், எத்தனை காலத்தில் செய்யும் என்று கேட்டார். அதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது. அத்தான் உருளையைத் திரும்பப் பொலித்தீனால் மூடினார், பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல்.

"நீர் படிச்சனீர். நான் மறுக்கேல்லை. ஆனால் தெரியாது, தெரியாது எண்டுறீர். கிணத்துத் தண்ணி பிள்ளைக்கு என்ன செய்யுமெண்டு எனக்கு நல்லாத் தெரியும்."

கழுவிப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். உண்மையில் எனக்கும் ஆசை இருந்தது. ஒருநாள் முழுக்க ஓடவிட்டு வருவதைக் கடலுக்கு விட்டால் ஊறியது போய்விடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். அடுத்த நாள் இருவருமாக உருளைகளைக் குழாய்க்குள் தள்ளினோம். பம்ப் உறுமியது. கொஞ்சமாகத்தான் வந்தது, ஆனால் கண்ணாடிபோல் வந்தது. அத்தான் உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சீனித் தண்ணி" என்றார்.

வெளியே வேலியோரம் நின்ற படகுக்காரர் இருவருக்கும் கை நிறையக் கொடுத்தார். நான் தடுக்க முந்தி வாயில் விட்டுவிட்டார்கள். எண்ணெய் கலந்திருக்கலாம் என்றதும் ஒருவர், "கலந்தால் நல்லதுதானே தம்பி, மிஞ்சினால் எஞ்சினுக்கும் விடலாம்" என்றார். மற்றவர், "வெளிநாட்டுக்காரருக்குப் போத்தில் தண்ணிதான் இறங்கும்போல" என்றார்.

பின்னேரம் ஒரு ஜாம் போத்தலில் அந்தத் தண்ணீரை அரைவாசி பிடித்து, இறுக்கி மூடி வெயிலில் வைத்தேன். சூடேறினால் மணம் மேலே வந்து நிற்கும். மூடியைத் திறந்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தானிடம் நீட்டினேன். அவருக்கும் தெரியவில்லை. அவருடைய கையிலும் கட்டியிருந்த சறத்திலும் எப்போதும் மண்ணெண்ணெய், படகு எஞ்சின் குடிப்பது அதைத்தான். போத்தலைக் கொண்டு, கொட்டிலை நடத்துகிற தண்ணீர்ச் சங்கத்தின் தலைவரிடம் போனோம். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு முகர்ந்தார். "வெத்திலை மணக்குது" என்றார். பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

எண்ணெயில் ஊறிய மூன்று மூக்குகள் என்று சொன்னால் தலைவருக்குப் பொருந்தாது. ஆனால் அந்தப் போத்தலைச் சோதிக்க ஊரிலேயே ஆகத் தகுதி குறைந்த மூன்று பேரும் ஒன்றாகத்தான் நின்றோம்.

யாழ்ப்பாணத்தில் கொடுத்துச் சோதித்து முடிவு வரும்வரை கொட்டிலைத் திறக்கவேண்டாம் என்று தலைவரிடம் சொன்னேன். அது வர எவ்வளவு நாள் எடுக்கும் என்றார். அந்தச் சோதனையை யார் செய்வார்கள் என்று நான் முதலில் விசாரிக்கவேண்டும் என்றேன். தலைவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை கொட்டில் திறக்கிற பொங்கல் எண்டு கோயிலடியில சொல்லியாச்சு. சனம் கானைக் கழுவி வைச்சுக்கொண்டு நிக்குது. இனி மறிக்க ஏலாது."

திரும்பி வரும்போது அத்தான் மோட்டார் சைக்கிளை வழியில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"கொக்காவிட்ட உந்தப் போத்திலைக் காட்டப்போறீரோ?"

"அக்காவுக்கு மூக்கு நல்லம், அத்தான்."

"அதுதான் சொல்லுறன். அவள் மணக்குதெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. நான் இந்த ஊரில இல்லை."

"பிள்ளைக்கு அதைக் குடுக்கக்கூடாது."

"ஆர் குடுக்கப்போறது? வெள்ளி போகட்டும். பிறகு நீர் எங்கயாவது சோதியும். அதுவரைக்கும் ஊருக்கு மட்டும் ஓடட்டும்."

ஊருக்கு மட்டும் என்று அவர் சொன்னதை அவரே கேட்டிருக்கவேண்டும். மோட்டார் சைக்கிளைச் சட்டென்று ஸ்டார்ட் பண்ணினார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், நான் சொல்லும்வரை கொட்டில் தண்ணீர் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொன்னேன். "ஏன்?" என்றாள். சோதிக்கவேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு குசினிக்குள் இருந்த அத்தானின் முதுகைப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டினால் முதல் அள்ளுகிற தண்ணீரில் கிணற்றடியிலேயே பொங்குவார்கள். வெட்டியவனின் வீட்டுப் பெண்தான் உலையில் அரிசி போடவேண்டும். அது பொங்கிப் படைத்த பிறகுதான் மற்றவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுத்துப் போகலாம். கொட்டிலுக்கும் அப்படித்தான் என்று சங்கம் வைத்திருந்தது. வெட்டியவன் என்று யாரும் இல்லாததால் தண்ணிக்காரனின் வீடு. ஆகவே அக்கா.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டில் வாசலில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, புதுப்பானைக்கு மஞ்சள் கட்டியிருந்தார்கள். ஐயர் வந்து நிறைகுடத்துக்கு முன்னால் இருந்தார். கான்கள் வேலி நீளத்துக்கு வரிசையாக இருந்தன. அத்தான் புது வேட்டியோடு குழாயைத் திறந்து பானைக்குள் தண்ணீர் பிடித்தார். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கிழவர் கைதட்டினார், பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினார்.

காய்ந்த தென்னோலையில் நெருப்புப் பற்றியது. அக்கா சுளகில் அரிசியோடு பானைக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் சூடேறிச் சிணுங்கத் தொடங்கியபோது அவளுடைய முகம் மாறியதைக் கண்டேன். ஒரு அடி பின்னால் போய், திரும்பவும் குனிந்தாள்.

"ஆரப்பா அடுப்புக்கு மண்ணெண்ணெய் விட்டது?" என்று பின்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

நெருப்பு மூட்டியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் விட்டது? ஓலைதான் வைச்சனான். கோயில் காரியத்துக்கு மண்ணெண்ணெய் விட நான் என்ன விசரனோ?"

"புதுப்பானை மணம்" என்றாள் இன்னொருத்தி. "போடு பிள்ளை, கொதிச்சிட்டுது. ஏலக்காயைக் கூடப் போட்டால் சரி."

அக்கா கைநிறைய அரிசியை அள்ளினாள். அள்ளிய கை பானைக்கு மேலே நின்றது. ஆவி அந்தக் கையைச் சுற்றிப் போனது. சனம் குலவையிடத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள் அத்தானைப் பார்த்து. "இது அடுப்பு மணமோ, தண்ணி மணமோ?"

அத்தான் பக்கத்தில் வந்து குனிந்து மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைய இழுத்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். பொய்யாகக்கூட இருந்திருக்காது, அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவர் நிமிர்ந்து மனைவியிடமே கேட்டார்.

"உனக்கு மணக்குதோ?"

பிள்ளை அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்கா கான்களைப் பார்த்தாள். கொட்டிலைப் பார்த்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அந்த இடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அத்தான் ஒருவர்தான்.

"ஓம்" என்றாள். "தம்பியின்ர உடுப்பு மணக்கிற மாதிரி மணக்குது."

கையில் இருந்த அரிசியைச் சுளகில் திரும்பக் கொட்டினாள்.

அத்தான் தோளிலிருந்த சால்வையைக் கையில் சுற்றிப் பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். "ஐயோ, என்ன செய்யிறாய்?" என்று தலைவர் ஓடிவந்தார். பொங்கல் பானையைக் கவிழ்ப்பது எங்கள் ஊரில் சாவீட்டுக்குச் சமம். அத்தான் அதை அடுப்பின் மேலேயே கவிழ்த்தார். நெருப்பு அணைந்து சாம்பல் கிளம்பி எல்லோருடைய வெள்ளை உடுப்பிலும் விழுந்தது. அந்த வெந்த சாம்பலிலிருந்து மணம் எழுந்தபோது முன்வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவர் கொட்டிலுக்குள் போனார். பம்ப் நின்றது.

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கான்களைத் தூக்கத் தொடங்கினார்கள். வெறும் கான்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போகிற சத்தம் தெரு ஒழுங்கையின் முடிவுவரை கேட்டது. போகும்போது என் காதில் விழத்தக்கதாகவே சொன்னார்கள். "மூண்டு எழுத்துப் படிச்சிட்டு வந்து ஊரின்ர வாயில மண் போட்டிட்டான்." "தன்ர மருமோளுக்குப் போத்தில் தண்ணி வாங்க அவனிட்டக் காசிருக்கு." ஐயர் மட்டும் என்னிடம் வந்து மெல்ல, "மணந்ததுதான்" என்றார். அதை மற்றவர்களுக்குக் கேட்கச் சொல்லியிருக்கலாம்.

லீவு முடிந்து நான் போன படகில்தான் அவர்களும் போனார்கள். இரண்டு பாய், ஒரு பெட்டி, பிள்ளையின் சைக்கிள். அத்தான் தன் படகை ஒன்றுவிட்ட தம்பியிடம் விட்டிருந்தார். ஊர்காவற்றுறை இறங்குதுறை வரும்வரை அவர் எஞ்சின் பக்கத்தில் இருந்த ஆளோடு மீன்பாடு பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது அக்கா என்னிடம், "மணக்கேல்லை எண்டு நான் சொல்லியிருக்கலாமோடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அதை நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது அத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் சீமெந்து இறக்குகிறார். பிள்ளை தேறி வருகிறது. கொட்டில் திரும்ப ஓடுகிறது. புது மெம்பிரேன் வரவில்லை. அதே நான்கும்தான், வேறொருவர் பார்க்கிறார். பாத்திரம் கழுவவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும் என்று சங்கம் சொல்லியிருக்கிறதாம். போனமுறை அத்தானின் அந்த ஒன்றுவிட்ட தம்பி தொலைபேசியில் அவரிடம், அந்தத் தண்ணீரில் தேநீர் நன்றாக வருகிறது, மணமெல்லாம் போய்விட்டது என்றாராம். மணம் போனதா, மூக்கு பழகிவிட்டதா என்று இங்கே பாலைவனத்தில் இருந்துகொண்டு நான் எப்படிச் சொல்வது? போத்தலில் எடுத்து அனுப்புங்கள், சோதிக்க இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். ஒருவரும் அனுப்புவதாயில்லை.

போர்க்லிப்ட் ஓடுகிற எங்கள் ஊர்க்காரன் என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் எழுந்து வேறு கதிரைக்குப் போவான். கழித்த மெம்பிரேன்களை நான் இப்போது கோடு போடுவதோடு விடுவதில்லை. வாள் எடுத்து நடுவால் அறுக்கிறேன். அறுத்ததும் தாள் தானாக விரியும், உள்ளே தவிட்டு நிறத்தில் பிசுபிசுக்கும். போன கிழமை அவன் போர்க்லிப்டை நிறுத்திவிட்டு, நான் கடைசி உருளையை அறுத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி ஒருத்தருக்கும் உதவாது" என்றான். கனகாலத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய பேச்சு அது.

"ஓம்" என்றேன்.

துண்டுகளைப் போர்க்லிப்டின் இரும்பு முள்ளில் ஏற்றிக்கொண்டு போனான்.